நூறிலேயே நிற்கும் எனர்ஜியால் யாருக்கு லாபம்? (ஆடுகளம்: வாசகர் கேள்வி–பதில்)

இணையத்தில் ஆடப்படும் ஹேண்ட்பால் மேலாளர் விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் நான் எழுதிய நான்கு வரிகளுக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் கோவிந்தாபுரத்திலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை ஆட்டக்காரர்களின் களைப்பைப் பற்றியே கேட்பதால், இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

இவ்விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு சொல். ஹேண்ட்பால் என்பது அணிக்கு ஏழு பேர் நின்று, பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம்; மேலாளர் விளையாட்டு அதன் கணினி வடிவம். இதில் நீங்கள் பந்தைத் தொடுவதே இல்லை. ஓர் அணியின் மேலாளராக இருந்து ஆட்டக்காரர்களை வாங்குகிறீர்கள், விற்கிறீர்கள், பயிற்சி கொடுக்கிறீர்கள், அணியை அடுக்குகிறீர்கள். குறித்த நேரத்தில் கணினியே ஆட்டத்தை நடத்தி முடிவைச் சொல்லிவிடுகிறது. ஒவ்வோர் ஆட்டக்காரரின் தெம்பையும் நூறு வரை போகும் ‘எனர்ஜி’ என்னும் பட்டையாகக் காட்டுகிறது; ஆடினால் அது இறங்கும், ஓய்வில் ஏறும். எதிரணியை நடத்துபவர் உலகின் வேறொரு மூலையில் இருக்கும் ஒரு மனிதர். 1997இல் ஸ்வீடனில் தொடங்கிய ‘ஹாட்ரிக்’ என்னும் கால்பந்து விளையாட்டு இவ்வகையைப் பரவலாக்கியது. ஹேண்ட்பாலுக்கானவை அதன் தடத்தில் பின்னர் வந்தவை.

கேள்வி: ஐயா, நான் கல்லூரி மாணவன். ஒரு ஹேண்ட்பால் மேலாளர் விளையாட்டில் என் அணிதான் பிரிவிலேயே திறமை மிக்கது. முதல் நான்கு வாரம் தோல்வியே இல்லை. ஐந்தாம் வாரத்தில், பட்டியலின் அடியில் கிடந்த அணியிடம் தோற்றேன். என் இடது பேக் (இடப்பக்கத்தில் பின்னிருந்து எறியும்) ஆட்டக்காரரின் எனர்ஜி இப்போது 60. முழு ஆட்டம் ஆடினால் 12 புள்ளி குறைகிறது, நாள் ஒன்றுக்கு 4 புள்ளி ஏறுகிறது. வாரத்தில் லீக் ஆட்டம் இரண்டு, கோப்பை ஆட்டம் ஒன்று. அணியில் மொத்தம் 18 பேர் இருக்கிறார்கள். மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரும் நூறு சதவீதத்தில் இருக்கிறார்கள். எங்கே தவறு செய்தேன்?
– ஒரு மாணவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தம்பி, தவறு எங்கே என்பதை உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியிலேயே நீங்கள் எழுதிவிட்டீர்கள். பெஞ்சில் இருப்பவர்கள் எல்லோரும் நூறில் இருக்கிறார்கள் என்று சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகிறீர்களே, இழப்பு அங்கேதான் நடக்கிறது.

முதலில் வரவு செலவைப் பார்ப்போம். வாரத்துக்கு மூன்று ஆட்டம் என்றால் செலவு 36 புள்ளி, ஏழு நாளில் வரவு 28 புள்ளி, பற்றாக்குறை 8. நூறில் தொடங்கிய ஒருவர் எல்லா ஆட்டத்திலும் கடைசி நிமிடம் வரை நின்றால் ஐந்து வாரத்தில் 60க்கு இறங்கிவிடுவார். முதல் நான்கு வாரம் நீங்கள் வென்றது திறமையால் மட்டும் அன்று. கையிருப்பைக் கரைத்தும் வென்றீர்கள். கையிருப்புக் கரைவது நமக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், வெற்றி வரும்போது யாரும் அந்தப் பட்டையைத் திறந்து பார்ப்பதில்லை.

இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வாரத்துக்கு 28 புள்ளி வருகிறது. 60 நிமிடத்துக்கு 12 புள்ளி செலவு. ஆகவே எனர்ஜி இறங்காமல் ஒருவர் ஆடக்கூடியது வாரத்துக்கு 140 நிமிடம். மூன்று ஆட்டத்துக்கு 180 நிமிடம் வேண்டும். மீதி 40 நிமிடத்தை வேறொருவர் ஆட வேண்டும், அவ்வளவுதான். கோல்கீப்பரை விட்டுவிட்டால் களத்தில் ஆறு பேர். மூன்று ஆட்டத்துக்கும் சேர்த்து 1080 நிமிடம். அதை 140ஆல் வகுத்தால் ஏட்டுக் கணக்குக்கு எட்டுப் பேர் போதும். ஆனால் இடது விங்கில், அதாவது ஓரத்தில், ஓடுகிறவரை, கோலுக்கு முன்னால் தற்காப்பாளர்களுக்கு நடுவில் நிற்கும் பிவட்டாக நிறுத்த முடியாது; இடக்கைக்காரருக்கென்றே ஏற்பட்ட வலது பேக் இடத்துக்கு எல்லோரும் பொருந்த மாட்டார்கள். ஆகையால் பத்து அல்லது பதினொரு பேரை மாற்றி மாற்றி ஆடவிட வேண்டியிருக்கும். உங்களிடம் இருப்பவர்கள் அதற்குமேல்.

பெஞ்சில் இருப்பவருக்கு என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். அவருக்கும் நாள்தோறும் 4 புள்ளி வரத்தான் செய்கிறது. ஆனால் நூறுக்குமேல் ஏற இடமில்லை. வாரத்துக்கு 28 புள்ளி வந்து, சேர இடமில்லாமல் போய்விடுகிறது. ஆழியாறு அணை நிரம்பிய பிறகு வருகிற வெள்ளத்தை மதகு திறந்து விடுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதை நம் பகுதிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். உங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரை மணக்கடவில் அளந்து தருகிறார்கள். அந்த மண்ணில் பிறந்தவருக்கு முறை வைப்பதும் அளந்து விடுவதும் கைவராது என்றால் நான் நம்ப மாட்டேன்.

அடுத்தது, களைத்த நல்லவரா, தெம்பான சுமாரானவரா என்னும் கேள்வி. ஆட்டத் திறனை எனர்ஜியின் விகிதத்தால் நேராகப் பெருக்குகிறது உங்கள் விளையாட்டு என்று வைத்துக்கொண்டால், 80 திறன் உள்ளவர் 60 சதவீதத்தில் 48ஆக ஆடுவார். 65 திறன் உள்ளவர் நூறு சதவீதத்தில் 65ஆகவே ஆடுவார். அன்றைக்கு உங்களைத் தோற்கடித்த அணியினர் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினராக இருந்திருப்பார்கள். ஆனால் எல்லா விளையாட்டும் நேர்விகிதத்தைக் கொள்வதில்லை. ஒரு மட்டத்துக்கு மேலே இருக்கும்வரை பாதிப்பு மிகச் சிறிதாகவும், அதற்குக் கீழே போனதும் சரிவு செங்குத்தாகவும் இருக்குமாறு அமைப்பதும் உண்டு. இந்தச் சூத்திரத்தை விளையாட்டை உருவாக்கியவர்கள் வெளியே சொல்வது அரிது. நட்பு ஆட்டங்களில் நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒருவரின் எனர்ஜியை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து, அவருடைய மதிப்பெண் எப்படி மாறுகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். கணினி ஒவ்வோர் ஆட்டத்திலும் கொஞ்சம் அதிர்ஷ்டத்தையும் கலப்பதால், இரண்டு ஆட்டத்தைப் பார்த்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். எட்டுப் பத்தாவது வேண்டும்.

உங்கள் எண்களில் இன்னோர் அழகும் இருக்கிறது. முழு ஆட்டத்தின் செலவான 12 சரியாக மூன்று நாளில் திரும்பி வந்துவிடுகிறது. ஆகவே இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் மூன்று நாள் இருந்தால், நூறில் இறங்கியவர் மீண்டும் நூறில் இறங்குவார். துளியும் வீணில்லை, துளியும் கடனில்லை. நான்கு நாள் இடைவெளி கிடைத்தால் ஒரு நாள் வரவு வீணாகும். அப்போது அதிகப் பயிற்சியோ ஒரு நட்பு ஆட்டமோ வைத்துக்கொள்ளலாம். இரண்டே நாள் என்றால், 40 நிமிடத்தோடு அவரை உட்காரவைத்துவிட வேண்டும்.

கோப்பை அரையிறுதி, இறுதி போன்ற ஆட்டங்களுக்கு நாளைப் பின்னிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டும். இறுதி ஆட்டம் 14 நாளில் இருக்கிறது, இடையில் ஐந்து ஆட்டங்கள் இருக்கின்றன, இடது பேக்கை அன்றைக்கு 96இல் நிறுத்த விரும்புகிறீர்கள் என்று வையுங்கள். இப்போது 60; வரவு 56; கூட்டினால் 116. ஆகவே இந்த இரண்டு வாரத்தில் அவருக்காக நீங்கள் செலவிடக்கூடியது 20 புள்ளி, அதாவது 100 நிமிடம். ஓர் ஆட்டத்துக்கு 20 நிமிடம். அந்த 20 நிமிடத்தை முதல் பாதியில் தருவதா, ஆட்டம் இழுபறியான கடைசிக் கட்டத்தில் தருவதா என்பதில்தான் உங்கள் மேலாண்மை இருக்கிறது. என்னைக் கேட்டால் கடைசிக் கட்டத்துக்கே வைத்திருப்பேன். ஆட்டத் தீவிரத்தைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி உங்கள் விளையாட்டில் இருந்தால், பட்டியலின் அடியில் இருக்கும் அணிகளுக்கு எதிராக அதைக் குறைவில் வையுங்கள். பத்துக் கோல் வித்தியாசத்தில் வென்றாலும் லீக் பட்டியலில் இரண்டு புள்ளிதான், ஒரு கோலில் வென்றாலும் இரண்டு புள்ளிதான்.

கேள்வி: ‘ஹேண்ட்பால்’ என்றே எழுதுகிறீர்களே, தமிழ்ச் சொல் இல்லையா?
– ஒரு வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: இருக்கிறது, அதுதான் தொல்லை. ‘கைப்பந்து’ என்று எழுதினால் நம் மக்கள் வாலிபால் என்று படிப்பார்கள். ‘எறிபந்து’ என்று எழுதினால் பள்ளியில் பெண் பிள்ளைகள் வலைக்கு மேலே ஆடும் த்ரோபால் நினைவுக்கு வரும். எனர்ஜியைப் பற்றிப் பேசும்போது எந்த ஆட்டம் என்பதிலேயே குழப்பம் வேண்டாம் என்றுதான் ஹேண்ட்பால் என்கிறேன். வாலிபால்காரரின் களைப்பு வேறு, ஹேண்ட்பால்காரரின் களைப்பு வேறு.

கேள்வி: நான் பள்ளி நாட்களில் ஹேண்ட்பால் ஆடியவன், இப்போது மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறேன். என் மகன் ஆடும் கணினி விளையாட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நிமிடக் கணக்கில் எனர்ஜி குறைகிறது. உண்மை ஆட்டத்தில் அப்படி இல்லையே? கணினி விளையாட்டுக்கும் நிஜத்துக்கும் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகர், முதலமடை

பதில்: உண்டு, ஆனால் நிஜத்தில் மூன்று வகையாக இருக்கும் களைப்பைக் கணினி ஒரே பட்டைக்குள் அடைத்துவிடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அந்தத் தொடர்பு விளங்கும்.

முதலாவது, ஆட்டத்துக்குள்ளேயே வந்து ஆட்டத்துக்குள்ளேயே தீரும் களைப்பு. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில், 30 நிமிடம் கொண்ட இரண்டு பாதியில், உயர்நிலை ஆட்டக்காரர் ஒருவர் ஓடுவது மூன்றிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வரைதான். கால்பந்துக்காரர் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார். எண்ணைப் பார்த்து ஹேண்ட்பால் இலேசு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இங்கே ஓட்டம் என்பது விருட்டென்று பாய்ந்து, சட்டென்று நின்று, துள்ளி எறிந்து, உடனே திரும்பித் தற்காப்புக்கு ஓடி, அங்கே ஒரு தொண்ணூறு கிலோ உடம்பை மார்பால் தாங்குவது. ஆட்டம் முழுவதும் இதயத்துடிப்பு உச்ச அளவின் 80 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலேயோதான் இருக்கும். இத்தகைய நொடிப் பாய்ச்சலுக்குத் தசை எடுத்துக்கொள்வது பாஸ்ஃபோகிரியாட்டின் என்னும் சேமிப்பை. அது பத்து நொடி முழு வேகத்திலேயே பெருமளவு தீர்ந்துவிடும், சில நிமிட ஓய்வில் மீண்டும் நிரம்பிவிடும். நீங்கள் ஆடிய காலத்தில் மூச்சிரைக்க வெளியே வந்து, இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்து, மறுபடி புதிதாக உள்ளே போனது நினைவிருக்கும். அதற்கு இதுதான் காரணம்.

ஹேண்ட்பாலின் விதியே இந்த உடற்கூற்றுக்கு ஏற்பத்தான் அமைந்திருக்கிறது. நடுக்கோட்டிலிருந்து 4.5 மீட்டர் வரையுள்ள மாற்றுப் பகுதி வழியாக, நடுவரிடம் கேட்காமல், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். உள்ளே இருப்பவர் வெளியேறும் முன்னரே அடுத்தவர் கால் வைத்தால்தான் இரண்டு நிமிடத் தண்டனை. தற்காப்புக்கு ஒருவர், தாக்குதலுக்கு ஒருவர் என்று ஒவ்வொரு முறை பந்து கைமாறும்போதும் ஆள் மாற்றும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். ஒரு நிமிடம் நீளும் டைம் அவுட்டும் ஒவ்வோர் அணிக்கும் ஆட்டத்துக்கு மூன்று உண்டு; ஒரு பாதியில் இரண்டுக்குமேல் எடுக்க முடியாது. 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிகள் இந்தக் களைப்பை இன்னும் கூட்டின. நடுவில் நான்கு மீட்டர் விட்டமுள்ள வட்டத்திலிருந்து ஓட்டத்தை நிறுத்தாமலே ஆட்டத்தைத் தொடங்கலாம் என்றானதும், கோல் விழுந்த மறுநொடியே எதிரணி பாய்ந்து வருகிறது. தாமதப்படுத்துவதாக நடுவர் கை உயர்த்திய பிறகு முன்பு ஆறு பாஸ் வரை அனுமதி இருந்தது, இப்போது நான்கு. மூச்சு வாங்க மெதுவாகப் பந்தைச் சுற்றுவது என்ற பழைய தந்திரத்துக்கு இடம் குறைந்துவிட்டது.

இரண்டாவது, ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையில் தேங்கும் களைப்பு. தசையில் இருக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்துச் சேமிப்பு குறைந்தால், நன்றாகச் சாப்பிட்டாலும் அது நிரம்ப ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். இடிபாட்டாலும் திடீரென்று நிற்பதாலும் தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சேதம் தீர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். கணினியின் பட்டை பெரும்பாலும் காட்டுவது இதைத்தான். உங்கள் கேள்விக்கு வருகிறேன்: விங் ஆட்டக்காரர் விரைவுத் தாக்குதலில் நீள ஓட்டம் ஓடுகிறார், ஆனால் அவர்மேல் விழும் இடி குறைவு; ஆறு மீட்டர்க் கோட்டில் இரண்டு தற்காப்பாளர்களுக்கு நடுவில் முட்டி மோதி நிற்கும் பிவட் குறைவாக ஓடுகிறார், ஆனால் மறுநாள் காலையில் படுக்கையை விட்டு எழ அதிகச் சிரமப்படுபவர் அவர். இருவருக்கும் ஒரே 12 புள்ளியைக் கழிக்கும் விளையாட்டு எளிமைக்காக அப்படிச் செய்கிறது. அதைக் குறை என்று சொல்வதைவிட, உங்கள் மகன் பிவட்டை விங்கைப் போலவே தயங்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதற்கான சலுகை என்று கொள்ளலாம்.

மூன்றாவது, பருவம் முழுவதும் சேரும் களைப்பு. 2025 ஆண்கள் உலகக் கோப்பை குரோஷியா, டென்மார்க், நார்வே நாடுகளில் ஜனவரி 14இலிருந்து பிப்ரவரி 2 வரை நடந்தது. இறுதிக்கு வந்த டென்மார்க்கும் குரோஷியாவும் அந்த 20 நாளில் 9 ஆட்டம் ஆடின. டென்மார்க் 32–26 என்று வென்று தொடர்ந்து நான்காம் முறை பட்டம் பெற்றது. கொழிஞ்சாம்பாறைத் தம்பியின் எண்களை இதற்குப் பொருத்திப் பாருங்கள்: 9 ஆட்டத்துக்குச் செலவு 108, 20 நாளில் வரவு அதிகம் போனால் 80. ஒரே ஏழு பேரை நம்பியிருந்தால், கடைசி ஆட்டம் முடியும்போது அவர்கள் யாரும் 72ஐத் தாண்டியிருக்க மாட்டார்கள். உலகக் கோப்பையில் ஆட்டத்துக்கு 16 பேரைப் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம் என்பது அலங்காரத்துக்கு அன்று.

இதில் எனக்கும் ஒரு பழைய வடு உண்டு. நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தபோது, ஒரு மார்ச் மாதத்தில், பாலக்காட்டுப் பக்கம் ஒரு போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போனேன். திறந்தவெளி சிமெண்ட் களம். ஒரே நாளில் மூன்று ஆட்டம். கொண்டுபோனது பத்துப் பேரை. காலை ஆட்டத்தில் பெரிய வித்தியாசத்தில் முன்னிலையில் இருந்தும், வெற்றியின் ருசியில், முதல் ஏழு பேரை நான் மாற்றவே இல்லை. மாலை ஆட்டத்தில் இரண்டாம் பாதி தொடங்கும்வரை முன்னிலையில்தான் இருந்தோம். பிறகு பிள்ளைகள் எறிந்த பந்து ஒவ்வொன்றும் கோல் கம்பத்துக்கு மேலே போயிற்று. துள்ளும் கால் களைத்தால் எறியும் கை தானாகத் தாழ்ந்து, பந்து மேலே போகும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். பெஞ்சில் மூன்று பையன்கள் காலையிலிருந்து சட்டை நனையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாணவரின் கடிதத்தில் ‘மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரும் நூறு சதவீதம்’ என்ற வரியைப் படித்தபோது எனக்கு அந்த மூன்று முகமும்தான் நினைவுக்கு வந்தது.

உங்கள் மகனுக்கு ஒரு குறிப்பு: எனர்ஜியைத் தவிர ‘ஸ்டாமினா’ என்று தனியாக ஒரு திறன் அவர் விளையாட்டில் இருந்தால், முதல் வகைக் களைப்பை அது கவனித்துக்கொள்கிறது என்று பொருள். எனர்ஜி 95 இருந்தும் இரண்டாம் பாதியில் ஒருவர் சுருண்டுவிடுகிறார் என்றால், ஓய்வு கொடுத்துப் பயனில்லை. அவருக்கு வேண்டியது ஸ்டாமினா பயிற்சி.

கேள்வி: என் மகன் பதினோராம் வகுப்பு. ஹேண்ட்பால் விளையாட்டில் அவனுடைய அணிக்கு ஆட்டம் நடுநிசியில் வருகிறது என்று சொல்லி வாரத்தில் மூன்று நாள் விழித்திருக்கிறான். ஆட்டக்காரர்களுக்கு எனர்ஜி குறைந்தால் உடனே மாற்ற வேண்டுமாம். உண்மையாகவே விழித்திருக்க வேண்டுமா?
– ஒரு தாய், மீனாட்சிபுரம்

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை, அம்மா. இவ்விளையாட்டுகளில் பல, நடு ஐரோப்பிய நேரப்படி ஓடுகின்றன. அங்கே இரவு எட்டு மணி என்பது இங்கே பனிக்காலத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை. அவர்கள் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிக்கொள்வதால், அந்த மாதங்களில் பதினொன்றரை. உங்கள் மகன் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் ஆட்டத்தைக் கணினி நடத்துகிறது. திரையை யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் முடிவு வரும். இன்னாருடைய எனர்ஜி இந்த அளவுக்குக் கீழே போனால், அல்லது நாற்பதாம் நிமிடம் ஆனால், இன்னாரை இறக்கு என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் வசதி பல விளையாட்டுகளில் உண்டு. அவனுடைய விளையாட்டில் அது இருக்கிறதா என்று மாலை ஏழு மணிக்கு அவனோடு உட்கார்ந்து பாருங்கள். இருந்தால், விழித்திருப்பது தேவைக்காக அன்று, ஆசைக்காக என்று தெரிந்துவிடும்; சனிக்கிழமை இரவு ஒன்றை மட்டும் அந்த ஆசைக்கு விடலாம். இல்லையென்றால், மாற்ற வேண்டியிராதபடி தெம்பானவர்களையே தொடக்கத்தில் இறக்கிவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். அவன் வயதுக்கு மருத்துவர்கள் சொல்லும் தூக்கம் இரவுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம். வாரத்துக்கு மூன்று இரவு பாதித் தூக்கம் என்றால் எத்தனை மணி பற்றாக்குறை என்று அவனையே கூட்டச் சொல்லுங்கள். எனர்ஜிக் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைக்கு இது கடினமில்லை.

கேள்வி: என் அணியின் சென்டர் பேக்குக்கு 34 வயது. திறமை குறையவில்லை, எனர்ஜி மட்டும் மெதுவாக ஏறுகிறது. விற்றுவிடலாமா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: வேண்டாம், நிமிடத்தைக் குறையுங்கள். வயது ஏற ஏற மீட்சி மெதுவாவது நிஜத்திலும் நடப்பதே. பிரான்சின் நிகோலா கராபாடிச் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை ஆடினார். அப்போது அவருக்கு வயது 40. அந்த வயதில் ஒருவரை அறுபது நிமிடமும் ஓடவிடுவதற்காக அணியில் வைத்திருக்க மாட்டார்கள். உங்கள் சென்டர் பேக்குக்கு நாள் ஒன்றுக்கு 3 புள்ளிதான் ஏறுகிறது, செலவு மற்றவர்களைப் போல 12தான் என்று வைத்துக்கொண்டாலும், வாரத்துக்கு 105 நிமிடம் அவரை இறங்காமல் ஆடவிடலாம். அது மூன்று ஆட்டத்தின் இரண்டாம் பாதிகளுக்கும் போதும், இன்னும் கால் மணி நேரம் மிஞ்சவும் செய்யும். பக்கத்தில் ஒரு பத்தொன்பது வயதுப் பையனை முதல் பாதிகளுக்குப் பழக்குங்கள். இவருக்கு விலை வராத வயதில் விற்றுக் கிடைக்கும் பணத்தைவிட அந்த ஏற்பாடு மேல்.

கேள்வி: பணம் கட்டினால் எனர்ஜியை ஒரே நொடியில் நூறாக்கும் பொட்டலம் விற்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகர், வேலந்தாவளம்

பதில்: நாளைக்கு 4 புள்ளி இலவசமாக வந்துகொண்டிருக்கும் ஒன்றை யாராவது விலைக்கு வாங்குவார்களா?

கேள்வி: பயிற்சியைத் தீவிரமாக்கினால் திறமை வேகமாக வளர்கிறது, எனர்ஜி குறைகிறது. எதை எப்போது செய்வது?
– இரு சகோதரர்கள், கோபாலபுரம்

பதில்: ஆட்டங்களுக்கு நடுவில் நான்கு நாளோ அதற்கு மேலோ இடைவெளி கிடைக்கும் வாரங்களிலும், பருவம் தொடங்கும் முன்பும் தீவிரப் பயிற்சி வையுங்கள், மேலே சொன்னபடி, அப்போது எப்படியும் வரவில் ஒரு பகுதி வீணாகத்தான் போகும். கோப்பை ஆட்டங்கள் நெருக்கும் வாரத்தில் பயிற்சியைத் தாழ்த்திவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு பயிற்சி என்ற பழக்கத்தையும் விடுங்கள். பெஞ்சில் நூறில் இருப்பவருக்கு அதிகமும், வாரத்துக்கு 140 நிமிடம் ஆடுகிறவருக்குக் குறைவும் என்று பிரிக்க உங்கள் விளையாட்டு அனுமதித்தால், ஒரு பருவத்துக்குள்ளேயே அந்த இருவருக்கும் உள்ள திறமை இடைவெளி சுருங்குவதைப் பார்ப்பீர்கள். பிறகு யாரை மாற்றுவது என்ற தயக்கமும் குறையும். எனர்ஜி தாழ்ந்தவருக்குக் காயம் எளிதில் ஏற்படும்படி அமைத்த விளையாட்டுகளும் உண்டு என்பதால், 70க்குக் கீழே இருப்பவரைத் தீவிரப் பயிற்சிக்கு அனுப்புவதை நான் தவிர்ப்பேன்.

கேள்வி: கோல்கீப்பர் ஓடுவதே இல்லை. அவருக்கும் ஏன் எனர்ஜி குறைய வேண்டும்? இரண்டாவது கோல்கீப்பருக்கு வீணாகச் சம்பளம் கொடுப்பதாகத் தோன்றுகிறது.
– ஒரு மாணவி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள கோலின் முன்னால் நின்று, ஆறேழு மீட்டர் தூரத்திலிருந்து வரும் எறிகளுக்கு ஆட்டம் முழுவதும் கையையும் காலையும் ஒரே நொடியில் விரித்துப் பாருங்கள், ஓடாமலே களைப்பது எப்படி என்று தெரியும். கால் தளர்வதற்கு முன்னால் அவருக்குக் கவனம் தளரும். நிஜ அணிகள் பெரும்பாலும் ஆட்டத்துக்கு இரண்டு கோல்கீப்பர்களைக் கொண்டுபோவதும், ஒருவர் கையில் பந்து படவில்லை என்றால் பத்து நிமிடத்தில்கூட மாற்றிவிடுவதும், 7 மீட்டர் எறி என்னும் பெனால்டிக்கென்றே மற்றவரை இறக்குவதும் அதனால்தான். உங்கள் விளையாட்டில் கோல்கீப்பருக்கும் மற்றவர்களைப் போலவே புள்ளி குறைகிறது என்றால், மூன்று ஆட்ட வாரத்தில் அவருக்கும் 40 நிமிடம் ஓய்வு வேண்டும், அந்த 40 நிமிடத்தைப் பிவட்டோ விங்கோ வந்து நிரப்ப முடியாது. இரண்டாவது கோல்கீப்பரை விற்காதீர்கள். அடியில் கிடக்கும் அணியோடு ஆடும் லீக் ஆட்டத்தை முழுதாக அவரிடம் கொடுத்துவிடுங்கள்.